மறதிக்கு ஒரு மாதச் சந்தா

ஹார்ட் டிஸ்க் பிறந்ததே வாடகைக்குத்தான். 1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் ‘ராமாக்’ என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. அதோடு வந்த வட்டுப் பெட்டியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்காகச் சுழன்றன. எடை ஒரு டன் அளவு. அதில் 50 லட்சம் எழுத்துகளைப் பதியலாம்; இன்றைய கணக்கில் அது 4 எம்.பி.கூட வராது. நிறுவனங்கள் மாதம் 3,200 டாலர் வாடகை கொடுத்து அந்தக் கணினியைப் பயன்படுத்தின. இன்று கைபேசியில் கோயில் கோபுரத்தை ஒருமுறை படம் எடுத்தால் அந்தப் பெட்டி முழுக்க நிறைந்துவிடும்.

டிஸ்க்கைத் தனியாள் விலைக்கு வாங்கித் தன் மேசையில் வைத்துக்கொள்ளலாம் என்பது பிறகு வந்த பழக்கம். மேசைக் கணினிக்குள் பொருந்துகிற 5 எம்.பி. டிஸ்க்கைச் சீகேட் 1980இல் கொண்டுவந்தது. விலை 1,500 டாலர். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், கோப்பு என்றால் நம் வீட்டில், நம் பெட்டியில் இருப்பது என்றே நினைத்துப் பழகினோம். இப்போது மறுபடியும் மாதக் கணக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். கைபேசியில் ‘ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது’ என்ற எச்சரிக்கை வருகிறது. 130 ரூபாய் கட்டினால் 100 ஜி.பி. கிடைக்கும். கட்டுவதா, இல்லை ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்வதா? வீட்டுக்கு வீடு நடக்கிற பேச்சு இது.

இந்தப் பேச்சில் உடனே எழுகிற உவமை வாடகை வீடும் சொந்த வீடும். வாடகை போனால் போனதுதான், சொந்தமாக வாங்கிவிட்டால் நமக்கென்று ஒன்று நிற்கும் என்பது நம்மவர்களின் ஊறிய எண்ணம். கணக்கும் முதல் பார்வைக்கு அதையே சொல்கிறது. 2 டி.பி. இணைய இடத்துக்கு ஆண்டுக்கு 6,500 ரூபாய் என்றால் ஐந்து ஆண்டில் 32,500. அதே கொள்ளளவுள்ள டிஸ்க் இரண்டு வாங்கினாலும் அதில் பாதிதான் ஆகும். ஆனால் உவமை ஓரிடத்தில் உடைகிறது. வீடு கட்டியவருக்குப் பிறகும் நிற்கும். பேரன் காலத்தில் பூச்சு உதிர்ந்தாலும் குடியிருக்கலாம். டிஸ்க்குக்கு அந்த ஆயுள் கிடையாது. அதை வாங்குவது, ஐந்து ஆண்டு வாடகையை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டுவதுதான். ஆறாம் ஆண்டில் அது ஓடினால் நமக்கு அதிர்ஷ்டம்.

டிஸ்க்குக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது புரியும். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டின்மீது, சில நானோமீட்டர் இடைவெளியில் படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. மனித முடியின் பருமனைப் பத்தாயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இடைவெளி. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும். விழாமலே வைத்திருந்தாலும் ஒருநாள் சொல்லாமல் நின்றுபோகலாம். கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தில் ஓடிய லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், உள்ளேயிருக்கும் எச்சரிக்கைக் கணக்கில் குறிப்பிடத்தக்க ஓர் அறிகுறியைக்கூடக் காட்டவில்லை. இணையச் சேமிப்புத் தொழில் நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் ஆண்டுதோறும் தன் டிஸ்க்குகளின் சாவுக் கணக்கை வெளியிடுகிறது. 2023இல் அது 1.4 சதவீதம். குளிரூட்டிய அறையில், ஆடாமல் அசையாமல், பார்த்துக்கொள்ள ஆள் இருந்து ஓடுகிற டிஸ்க்குகளின் நிலை அது. நம் வீட்டு டிஸ்க் பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கிறது.

நம் ஊரில் இதற்கென்று ஒரு தற்காப்பு முறையும் உண்டு. கணினி ரிப்பேர் செய்ய வருபவர் கிளம்பும்போது தவறாமல் சொல்வார்: “சார், சி டிரைவ்ல எதையும் வைக்காதீங்க, ஃபார்மட் பண்ணா போயிரும். முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல போட்டு வைங்க.” குழந்தையின் மொட்டை, அக்கா கல்யாணம், ஸ்கேன் செய்த பட்டா எல்லாம் டி டிரைவுக்குப் போகும். வைரஸ் வந்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டியிருந்த காலத்தில் அது நல்ல அறிவுரைதான். ஆனால் சி, டி என்பவை பெரும்பாலும் ஒரே டிஸ்க்கில் போட்ட கோடுகள். டிஸ்க் அடிபட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். அப்போது சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். கடைக்காரர் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, “டிக் டிக்னு சத்தம் வருதுங்கய்யா, ஹெட் போயிருச்சு. ரிக்கவரிக்கு வெளிய அனுப்பணும், கேரண்டி சொல்ல முடியாது” என்பார். அந்த ரிக்கவரிக்கு ஆகிற செலவில் புதிய டிஸ்க்குகள் பலவற்றை வாங்கிவிடலாம்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் வீடு நன்றாக இருக்க வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்றங்கரைத் தெருக்களில் தரைத்தளம் மூழ்கியபோது கணினி, பேக்கப் டிஸ்க், காகித ஆல்பம் மூன்றும் ஒரே அலமாரியில் இருந்த வீடுகளில் மூன்றும் ஒன்றாக நனைந்தன. மூன்று பிரதி இருந்தாலும் இடம் ஒன்றாக இருந்தால் வெள்ளத்துக்கு அது ஒரே பிரதிதான்.

அப்படியானால் மாதச் சந்தாவே பாதுகாப்பு என்று முடிவெடுத்துவிடலாமா? இணையத்தில் வைக்கிறோம் என்றால் வேறொருவருடைய டிஸ்க்குகளில் வைக்கிறோம். அவர்களுடைய டிஸ்க்கும் சாகிறது. ஆனால் அவர்கள் அதை எதிர்பார்த்தே ஒரு கோப்பின் துண்டுகளைப் பல இடங்களில் பிரித்து வைக்கிறார்கள். ஒன்று செத்தால் மற்றவற்றிலிருந்து மீட்டு எழுதுகிறார்கள். 2006இல் தொடங்கிய அமேசானின் எஸ்3 சேவை, கோப்பு தொலையாமல் இருக்கும் உறுதிக்குப் பதினொரு ஒன்பதுகளைச் சொல்கிறது: 99.999999999 சதவீதம். தனியாள் எவ்வளவு முயன்றாலும் எட்ட முடியாத உறுதி.

ஆனால் பிரதிகளின் எண்ணிக்கை மட்டும் எல்லாவற்றிலிருந்தும் காப்பதில்லை. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேருக்கு அஞ்சல் பெட்டி காலியாகத் திறந்தது. மென்பொருள் கோளாறு ஒன்று எல்லாப் பிரதிகளிலும் ஒரே நேரத்தில் அஞ்சல்களை அழித்திருந்தது. கடைசியில் காப்பாற்றியது இணைப்பில்லாமல் தனியே கிடந்த காந்த நாடா. ஒலிநாடாவின் உறவினரான அந்தப் பழைய பொருளிலிருந்துதான் கூகுள் அஞ்சல்களை மீட்டது. கோளாறு எட்ட முடியாத தூரத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பது அங்கே தெரிந்தது. நம் கைபேசியிலும் இதே ஆபத்து உண்டு. கைபேசியும் இணையமும் ‘சிங்க்’ ஆகியிருக்கும்போது ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். இடம் காலி செய்வதாக நினைத்துக் கைபேசியில் படங்களை அழித்துவிட்டு, இணையத்தில் தேடுபவர்களை எல்லோருக்கும் தெரியும்.

தீயும் இருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தது. தனியே பேக்கப் வைத்திராத வாடிக்கையாளர்கள் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ முழுவதும், 858 டி.பி., போய்விட்டது. அளவு பெரியது, வேகம் குறைந்தது என்பதால் அதற்கு வெளிப் பிரதி எடுக்க முடியவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். ஆவணங்களை அலுவலகக் கணினியில் வைக்காதீர்கள், ஜி-டிரைவில் மட்டும் வையுங்கள் என்பது ஊழியர்களுக்குத் தரப்பட்டிருந்த வழிகாட்டல். உத்தரவைக் கேட்டு நடந்தவர்களுக்குத்தான் இழப்பு அதிகம்.

தீயைவிட அமைதியான இழப்பு ஒன்றும் உண்டு. 2021இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, உடம்பு சரியில்லாத தன் சின்னக் குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதற்காகக் கைபேசியில் படம் எடுத்தார். படம் தானாகவே கூகுள் கணக்கில் ஏறியது. நிறுவனத்தின் தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகளுக்கு எதிரான குற்றப் படம் என்று கருதிக் கணக்கை முடக்கியது. காவல்துறை விசாரித்துக் குற்றம் ஏதுமில்லை என்று முடித்தபிறகும் கணக்கு திரும்பவில்லை என்று 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பல ஆண்டு அஞ்சல்கள், படங்கள், தொடர்பு எண்கள் எல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டன. பதினொரு ஒன்பதுகள் கோப்பைப் பற்றிய உறுதிமொழி. கோப்புக்கும் நமக்கும் உள்ள உறவைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. டிஸ்க் கோப்பைத் தொலைக்கிறது. நிறுவனமோ கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நம்மைத் தொலைத்துவிடக்கூடும்.

ஆக, இரண்டு பக்கமும் ஓட்டை. இதற்கு விடையாகப் புகைப்படக்காரர் பீட்டர் குரோ 2005 வாக்கில் 3-2-1 என்று ஒரு விதி வகுத்தார். பிரதிகள் 3, அவை 2 வகைப் பொருளில், அதில் 1 வேறு ஊரிலோ வேறு இடத்திலோ. கணினித் துறையினர் இன்றுவரை இதையே ஓதுகிறார்கள். விதி நல்ல விதிதான். ஆனால் அதைப் பின்பற்ற யாரோ ஒருவர் உட்கார்ந்து பிரதி எடுக்க வேண்டும், எடுத்தது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. பேக்கப் இருந்தது, ஆனால் அது சில வாரங்களாகச் சரியாக இயங்கவில்லை என்பதை யாரும் சோதித்திருக்கவில்லை. கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்து வேலை பார்த்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் தன் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது. அதைக் காத்தது யாரும் பார்க்காமல் ஓடிய ஏற்பாடு அல்ல. அந்தக் கோப்புகளைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்த ஒருவர்.

தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்த வழியும் இதுவே. ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. சங்க நூல்களின் முதல் ஏடு எதுவும் இன்று இல்லை. பிரதியின் பிரதியின் பிரதிதான் கிடைத்தது. கலித்தொகையை 1887இல் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை, கையில் எடுத்ததும் நொறுங்கிய ஏடுகளைப் பற்றி வருந்தி எழுதியிருக்கிறார். வளையாபதியின் ஏட்டை இளம்பருவத்தில் திருவாவடுதுறை மடத்தில் பார்த்ததாகவும், பிற்காலத்தில் தேடியபோது அது கிடைக்கவில்லை என்றும் உ.வே. சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். இன்று நமக்கு இருப்பது மற்ற நூல்கள் மேற்கோளாக எடுத்தாண்ட சில பாடல்கள் மட்டும். ஏடு மடத்து நூலகத்தில், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பாதுகாப்பில்தான் இருந்தது. அதைப் பெயர்த்தெழுத வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எது நிலைத்தது என்பதை இடம் தீர்மானிக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் எழுத்தாணியை எடுத்தாரா என்பதே தீர்மானித்தது.

பெயர்த்தெழுதுவது கைவலிக்கும் வேலை. அதனாலேயே அது ஒரு தேர்வாகவும் இருந்தது. எல்லாவற்றையும் எழுத முடியாது. எழுதத் தகுந்தது எது என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். அதில் அநியாயங்களும் நடந்தன. சமயப் பகையில் கைவிட்டவை உண்டு, அறியாமல் ஆற்றில் விட்டவை உண்டு. இருந்தும் தேர்வு என்ற ஒன்று நடந்துகொண்டே இருந்தது. 36 படம் கொண்ட ஃபிலிம் சுருள்கூட அதே கட்டாயத்தைத் தந்தது. ஒரு காதுகுத்து முழுவதற்கும் ஒரு சுருள். எதை எடுப்பது என்று யோசித்துத்தான் பொத்தானை அழுத்தினார்கள்.

அந்தக் கட்டாயம் படிப்படியாகப் போனது. 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் 1 ஜி.பி. அஞ்சல் பெட்டியை அறிவித்தபோது, மற்றவர்கள் 2, 4 எம்.பி. கொடுத்துக்கொண்டிருந்த காலம் என்பதால், முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள். இனி எந்த அஞ்சலையும் அழிக்க வேண்டாம் என்பது அதன் செய்தி. 2015 மே மாதம் கூகுள் ஃபோட்டோஸ், சற்றே தரம் குறைத்த படங்களுக்கு எல்லையில்லாத இடத்தை இலவசமாகத் தந்தது. அடுத்த ஆண்டு ஜியோ வந்தது, டேட்டாவும் மலிவானது. எடுத்ததெல்லாம் மேலே ஏறியது. 2020 நவம்பரில் அந்தச் சேவையில் 4 லட்சம் கோடி படங்கள் இருந்தன. வாரத்துக்கு 2,800 கோடி புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் இலவசம் முடிகிறது என்று அறிவித்தார்கள். 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏறியதெல்லாம் 15 ஜி.பி. கணக்கில் வந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் 2024இல் அதே கணக்கில் சேர்ந்தது. குடும்பக் குழுவில் வந்த தாமரைப்பூ குட்மார்னிங்குகளும், தாத்தாவின் கடைசிப் பிறந்தநாள் வீடியோவும் ஒரே 15 ஜி.பி.க்குப் போட்டியிட ஆரம்பித்தன.

ஆறு ஆண்டுகள் நம்மைத் தேர்ந்தெடுக்கவிடாமல் பழக்கிவிட்டு, பிறகு தேர்ந்தெடுக்காமல் இருப்பதற்கு விலை வைத்தார்கள். இதைச் சூழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். மின்சாரத்துக்கும் டிஸ்க்குக்கும் அவர்களுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் 130 ரூபாய் எதற்குப் போகிறது என்பதைத் தெளிவாகப் பார்ப்பது நல்லது. இடத்துக்குக் கொடுப்பது அதில் ஒரு பகுதி. மீதி, உட்கார்ந்து பார்த்து வேண்டாததைக் களையும் வேலையை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போடக் கொடுப்பது. ஹார்ட் டிஸ்க் வாங்குபவரும் இதில் தப்பவில்லை. ‘மொபைல் பேக்கப் 1’, ‘மொபைல் பேக்கப் புதுசு’, ‘எல்லாம்’ என்று மொத்தமாகக் கொட்டிவிட்டு அவரும் டிஸ்க்கைப் பீரோவில் பூட்டுகிறார். ஒருவர் மாதாமாதம் மறதிக்குப் பணம் கட்டுகிறார். மற்றவர் ஒரே தவணையில் கட்டிவிடுகிறார்.

இந்த மறதியின் கணக்கு நம் காலத்துக்குப் பிறகுதான் முழுதாக வரும். சந்தா என்பது உயிரோடிருப்பவரின் வங்கிக் கணக்கில் தொங்குகிறது. 2021 அக்டோபரில் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடுகளுக்கு ரிசர்வ் வங்கி கூடுதல் ஒப்புதல் விதிகளைக் கொண்டுவந்தபோதே எத்தனையோ சந்தாக்கள் அறுந்தன. ஒருவர் இறந்தால் வங்கிக் கணக்கு நிற்கும், சிம் அணையும், ஓ.டி.பி. வர வழியிருக்காது. கணக்கு அளவைத் தாண்டி இரண்டு ஆண்டு நீடித்தால் உள்ளடக்கத்தை அழிக்கலாம் என்கிறது கூகுளின் விதி. இரண்டு ஆண்டு யாரும் திறக்காத கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்கவும் தொடங்கிவிட்டார்கள். இன்னாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் வசதி கூகுளில் 2013 முதலும் ஆப்பிளில் 2021 முதலும் இருக்கிறது. நிலத்துக்கும் நகைக்கும் உயில் எழுதுகிற வீடுகளில்கூட அதைத் தொட்டவர்கள் குறைவு. டிஸ்க்குக்குச் சந்தா இல்லை, கடவுச்சொல்லும் பெரும்பாலும் இல்லை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லிவைக்காவிட்டால், காரியம் முடிந்து அலமாரியை ஒதுக்கும்போது பழைய சார்ஜர்களோடு சேர்ந்து அதுவும் வெளியே போகும்.

அப்படியே கைக்குக் கிடைத்தாலும் அறுபதாயிரம் படங்களை மகள் என்ன செய்வாள்? ஒரே கேக்கின் பதினேழு படங்களில் அப்பா எதை விரும்பினார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தேர்ந்தெடுக்காத குவியலை வாரிசுக்கு விடுவது, செய்யாத வேலையை அவர் தலையில் கட்டுவதுதான்.

ஆகவே சந்தாவா டிஸ்க்கா என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான். அன்றாடக் குவியலுக்குப் பணம் கட்டுங்கள், தவறில்லை. கைபேசி தொலைந்த மறுநாள் அது கைகொடுக்கும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபடுத்துகிற வாரத்திலேயே உட்கார்ந்து, அந்த ஆண்டில் தொலைக்கக் கூடாதவை எவை என்று பொறுக்குங்கள். அவற்றில் இருப்பவர்களின் பெயர்களை எழுதி வையுங்கள். டிஸ்க் இரண்டில் ஏற்றி, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டில் வையுங்கள். சென்ற ஆண்டுக் கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதிய டிஸ்க்குக்குப் பெயர்த்து எழுதுங்கள். எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது என்பதை அடுத்த தலைமுறையில் ஒருவருக்காவது சொல்லுங்கள்.

இதைச் செய்துபார்த்தால் கணக்கு வேறுவிதமாக வரும். ஆண்டுக்கு 50 படம் என்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பொறுக்கினால் 2,500 படங்கள். ஒன்றுக்கு 4 எம்.பி. என்று வைத்தாலும் மொத்தம் 10 ஜி.பி. யாரும் பணம் கேட்காத 15 ஜி.பி.க்குள் ஒரு குடும்பத்தின் அரை நூற்றாண்டு அடங்கி, கொஞ்சம் இடமும் மிச்சமிருக்கும். சந்தா கேட்பது மற்றவற்றுக்குத்தான்.